முறுக்கொளியும் ருபீடிய அணுவும்: கடலோர ஆய்வகத்தில் செய்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம் போன்ற ஊர்களிலிருந்து வரும் முதுகலை மாணவர்களோடு இந்தச் சோதனையைப் பலமுறை செய்து பார்த்த பின் எழுதுவது இது. முறுக்கொளி என்பது அச்சைச் சுற்றித் திருகுபோல் செல்லும் லேசர் ஒளி; அதை ருபீடிய ஆவி வழியே அனுப்பி, அந்த முறுக்கு அணுவுக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பதே சோதனை. லேசர், ருபீடிய ஆவிக் கலம் (ருபீடிய உலோக ஆவி அடைத்த கண்ணாடிக் குப்பி), ஒரு வெப்கேமரா, சில வில்லைகள் போன்றவை இருந்தால் போதும். கருவியைவிட வேலையின் வரிசைதான் புதியவர்களைத் தடுக்கிறது: பலரும் முறுக்கிய கற்றையை உடனே கலத்துள் விட்டுவிட்டு, தெரிந்த ஒவ்வொரு மாற்றத்தையும் முறுக்கின் கணக்கில் எழுதுகிறார்கள். ஆகவே இங்கே கணக்கு முதலிலும், சாதாரணக் கற்றை அடுத்தும், முறுக்கொளி கடைசியிலும் வருகின்றன.

1. புரி எண்ணையும் அதன் குறியையும் முதலில் முடிவு செய்தல்

சாதாரண லேசர் கற்றையின் அலைமுகப்புகள் (அலை ஒரே நிலையில் இருக்கும் பரப்புகள்) அடுக்கி வைத்த தட்டுகளைப் போன்றவை. முறுக்கொளியில் அவை அச்சைச் சுற்றி ஏறும் சுழல்படிக்கட்டைப் போல ஒரே தொடர்ச்சியாக ஓடும். அச்சை ஒருமுறை சுற்றி வந்தால் கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் இருக்கும் நிலை, 360 டிகிரி மாறினால் ஒரு புரி. 720 டிகிரி மாறினால், இரு புரிக் கயிற்றைப் போல இரண்டு அலைமுகப்புகள் பின்னிக்கொண்டு செல்கின்றன என்று பொருள். இந்த எண்ணை இங்கே புரி எண் என்று அழைக்கிறேன். ஒவ்வொரு போட்டானும் புரி எண்ணைக் குறுக்கிய பிளாங்க் மாறிலியால் பெருக்கினால் கிடைக்கும் அளவு சுற்றுப்பாதைக் கோண உந்தத்தைச் சுமக்கிறது. அச்சில் எல்லாக் கட்டங்களும் ஒரே புள்ளியில் முட்டுவதால் அங்கே புலம் சுழியாகவே இருக்க வேண்டும். கற்றை வளையமாகத் தெரிவது அதனால்தான்.

குறிக்கு ஒரு மரபை இப்போதே நோட்டில் எழுதிவிடுங்கள். ஒளி நம்மை நோக்கி வரும்படி நின்று பார்க்கையில், கடிகார எதிர்த்திசையில் கட்டம் கூடினால் நேர் என்பது நான் கையாளும் மரபு. இது சிறிய விஷயமாகத் தோன்றும்; சங்கு பார்த்துப் பழகிய கீழக்கரைப் பிள்ளைகளுக்கு மட்டும் இதை விளக்க வேண்டியதில்லை. நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை உயிரியல் நூல்கள் இடப்பக்கச் சுருள் என்று வகைப்படுத்துகின்றன. சங்கு ஒன்றேதான், அதைப் பிடித்துப் பார்க்கும் விதம் வேறு. எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைச் சொல்லாத நேர், எதிர் என்ற குறிகளுக்கு ஒளியிலும் பொருளில்லை.

இன்னொன்றையும் பிரித்து வையுங்கள். வட்டத் தளவிளைவு, அதாவது ஒளியின் மின்புலத் திசை வட்டமாகச் சுழல்வது, தருவது தற்சுழற்சிக் கோண உந்தம். அது புலத்தின் திசை ஒரே இடத்தில் நின்று சுழல்வதால் வருகிறது. புரி எண் தருவது சுற்றுப்பாதைக் கோண உந்தம். அது கட்டம் இடத்துக்கு இடம் மாறுவதால் வருகிறது. தளவிளைவை மாற்றும் கால் அலைத் தகட்டைத் திருப்பினால் முதலாவது மாறும், இரண்டாவது மாறாது.

2. அந்தக் கோண உந்தம் அணுவில் எங்கே போய்ச் சேரும் என்று கணக்கிடுதல்

வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. லேசரை ஏற்றும் முன்பே இதைக் காகிதத்தில் முடித்திருக்க வேண்டும்.

அணுவின் இருப்பை இரண்டு தொலைவுகளாகப் பிரித்து எழுதுங்கள். கற்றையின் அச்சிலிருந்து அணுவின் நிறைமையம் எங்கே இருக்கிறது என்பது ஒன்று. நிறைமையத்திலிருந்து எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்பது மற்றொன்று. பிறகு எலக்ட்ரான் இருக்கும் இடத்தில் உள்ள ஒளிப் புலத்தை, நிறைமையத்தைச் சுற்றித் தொடராக விரியுங்கள். முதல் உறுப்பு நிறைமையத்தில் உள்ள புலம். இரண்டாம் உறுப்பு அந்தப் புலம் இடத்துக்கு இடம் மாறும் வீதத்தை, அதாவது சரிவை, எலக்ட்ரானின் தொலைவால் பெருக்கியது.

அணு ஒளியை ஏற்று ஓர் ஆற்றல் நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவது தாவல். முதல் உறுப்பு மட்டும் வேலை செய்வதே இருமுனைத் தாவல். ருபீடியத்தின் 780 நானோமீட்டர் தாவல் இவ்வகையைச் சேர்ந்தது. முறுக்கின் கட்டம் முழுவதும் நிறைமையத்தின் இடத்தைச் சார்ந்து நிற்பதையும், எலக்ட்ரானுக்கு எஞ்சுவது தளவிளைவின் திசை மட்டுமே என்பதையும் இந்த உறுப்பில் கவனியுங்கள். எனவே எலக்ட்ரானின் காந்தக் குவாண்டம் எண் (ஓர் அச்சின் திசையில் அதன் கோண உந்தம் எவ்வளவு என்று சொல்லும் எண்) சாதாரண லேசரில் மாறுவது போலவே சுழியோ, கூட ஒன்றோ, குறைய ஒன்றோதான் மாறும். புரி எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இது மாறாது. சுற்றுப்பாதைக் கோண உந்தம் எங்கும் தொலைவதில்லை. அது முழு அணுவும் அச்சைச் சுற்றி நகரும் இயக்கத்தில் சேர்கிறது. பாம்பன் வாய்க்காலில் நீர் சுழிக்கும்போது சுழியில் அகப்பட்ட வல்லம் சுற்றி வரும். ஆனால் வல்லத்துக்குள் ஒரு பம்பரம் கிடந்தால் அது அந்தச் சுழியால் தன்பாட்டுக்குச் சுழலத் தொடங்காது.

நான் பார்த்தவற்றுள் மிக அதிகமான பிழை இங்கேதான். புரி எண் 2, வட்டத் தளவிளைவு 1, ஆகவே காந்தக் குவாண்டம் எண் 3 மாறும் என்று எழுதிவிட்டு, அந்தத் தாவலைத் தேடி ஒரு பருவம் முழுவதையும் கழித்தவர்கள் உண்டு. கூட்டல் சரிதான், அது மொத்தக் கோண உந்தத்தின் கணக்கு. அதில் எவ்வளவு எலக்ட்ரானுக்கு, எவ்வளவு நிறைமையத்துக்கு என்று பங்கிடாமல் விட்டதுதான் பிழை.

இரண்டாம் உறுப்பு வேலை செய்யும் இடம் நான்முனைத் தாவல். அங்கே புலத்தின் சரிவு எலக்ட்ரானோடு நேரடியாகச் சேர்வதால், முறுக்கிலிருந்து ஓர் அலகு உள்ளே போக முடியும். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒற்றைக் கால்சியம் 40 அயனியை வைத்துச் செய்து 2016இல் வெளியிட்ட சோதனை இதைக் காட்டியது. அதில் பயன்பட்டது 729 நானோமீட்டர் நான்முனைத் தாவல். அயனியைக் கற்றையின் இருண்ட மையத்தில், ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு சிறிய இடத்துக்குள் நிறுத்தியிருந்தார்கள். மையத்தில் ஒளிச் செறிவு சுழி. ஆயினும் புரி எண் 1 உள்ள கற்றையில் புலத்தின் சரிவு அங்கே சுழியன்று. எனவே அயனி கிளர்வு நிலைக்குச் சென்றது. தற்சுழற்சியும் புரியும் ஒரே குறியில் இருந்தால் காந்தக் குவாண்டம் எண் 2 மாறும். எதிர்க்குறிகளில் இருந்தால் சுழி.

இதிலிருந்து ஒரு பயிற்சி: புரி எண் 2 உள்ள கற்றையின் சரியான மையத்தில் அதே அயனியை வைத்தால் என்ன ஆகும்? புலம் அச்சிலிருந்து தொலைவின் இருமடியாக ஏறுவதால் மையத்தில் புலமும் சுழி, சரிவும் சுழி. இருமுனையும் இல்லை, நான்முனையும் இல்லை. இதைத் தானே எழுதிக் காட்டும் மாணவருக்குப் படி 2 முடிந்துவிட்டது.

நம் ஆவிக் கலத்தில் அணுக்கள் மையத்தில் நிற்பதில்லை; அறை வெப்பத்தில் நொடிக்கு ஏறத்தாழ 240 மீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பறக்கின்றன. எனவே மைன்ஸ் விளைவை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. நாம் தேட வேண்டியது நிறைமையத்தின் இயக்கத்தோடு தொடர்புடைய விளைவுகளைத்தான்.

3. விளைவின் அளவை முன்கூட்டியே மதிப்பிடுதல்

எதைக் காண முடியும், எதைக் காண முடியாது என்பதை மூன்று எண்கள் சொல்லிவிடும். கற்றையின் அரையகலத்தை 1 மில்லிமீட்டர் என்றும் புரி எண்ணை 1 என்றும் கொள்வோம். வளையத்தின் மிகப் பிரகாசமான இடம் அச்சிலிருந்து 0.7 மில்லிமீட்டரில் விழும்.

கற்றையின் திசையில் 240 மீட்டர் வேகத்தில் செல்லும் அணுவுக்கு டாப்ளர் பெயர்ச்சி (இயக்கத்தால் அணு உணரும் அதிர்வெண் மாற்றம்), வேகத்தை அலைநீளத்தால் வகுத்தால், ஏறத்தாழ 308 மெகாஹெர்ட்ஸ். அதே வேகத்தில் வளையத்தைச் சுற்றிச் செல்லும் அணுவுக்கு முறுக்கு தரும் சுழல் டாப்ளர் பெயர்ச்சி, வேகத்தை வளையத்தின் சுற்றளவால் வகுத்து புரி எண்ணால் பெருக்கினால், ஏறத்தாழ 55 கிலோஹெர்ட்ஸ். ருபீடியத் தாவலின் இயல்பு அகலம் 6.07 மெகாஹெர்ட்ஸ். அதாவது நாம் தேடும் பெயர்ச்சி, கோட்டின் சொந்த அகலத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அணுக்கள் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒளியை விழுங்குகின்றன என்று காட்டும் சாதாரண உட்கவர் நிறமாலையில் இது தெரியாது. தெரிந்ததாக யாராவது சொன்னால் படி 9ஐப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒரு போட்டான் அணுவுக்குத் தரும் உதையும் அப்படியே. கற்றையின் திசையில் அது நொடிக்கு 5.9 மில்லிமீட்டர், சுற்றும் திசையில் அதைவிட ஐயாயிரத்துச் சொச்சம் மடங்கு குறைவாக, நொடிக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர்.

4. கருவிகளும் கடற்கரையும்

தேவையானவை: 780 நானோமீட்டரில் இசைக்கத்தக்க டயோடு லேசர், ருபீடிய ஆவிக் கலம், இரண்டு போட்டோடயோடுகள், ஆசிலோஸ்கோப், அகச்சிவப்பு வடிகட்டியைக் கழற்றிய வெப்கேமரா, அரை மீட்டர் குவியத் தொலைவுள்ள வில்லை, ஒளிப் பிரிப்பான், கால் அலைத் தகடு, ஒளியைக் குறைக்கும் சாம்பல் வடிகட்டிகள். இந்த அலைநீளம் கண்ணுக்கு மங்கிய சிவப்பாகத்தான் தெரியும். மங்கலாக இருப்பதால் ஆபத்தில்லை என்று எண்ணுவது கொடிய தவறு. உரிய கண்ணாடி இல்லாமல் லேசரை ஏற்றக் கூடாது. கற்றை எப்போதும் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்குக் கீழே ஓட வேண்டும்.

லேசர் டயோடை 18 டிகிரியில் வையுங்கள் என்று கையேட்டில் இருக்கலாம். அறைக் காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் 26 டிகிரிக்குக் கீழுள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். வாடைக்காற்று மாதங்களில் எங்கள் முதல் டயோடு இப்படித்தான் நனைந்து கெட்டது. குளிர்சாதனத்தை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு ஈரப்பதத்தை இறக்கிய பின்னரே டயோடைக் குளிர்விக்க வேண்டும், அல்லது 27 டிகிரிக்கு மேல் வைத்து அந்த வெப்பத்தில் 780 நானோமீட்டர் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடற்காற்றின் உப்பு கண்ணாடிப் பரப்புகளில் நுண்ணிய படலமாகப் படிகிறது. அதை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத் துகளே மேற்பூச்சைக் கீறும். முதலில் காற்றால் ஊதி, பிறகு தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வில்லைத் தாளை ஒரே திசையில் ஒருமுறை மட்டும் இழுத்து, அந்தத் தாளை எறிந்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் வில்லைகள் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவுக்குப் போக வேண்டும்.

இந்தக் கடற்கரையில் நமக்கு வாய்த்த வசதி ஒன்றும் உண்டு. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்வதால், இங்கே புவியின் காந்தப் புலம் ஏறக்குறையக் கிடைமட்டமாக வடக்கு நோக்கி ஓடுகிறது. மேசையில் கற்றையை வடக்கு–தெற்காக அமைத்தால் புலம் கற்றையின் அச்சோடு சேர்ந்துவிடும். வட்டத் தளவிளைவைப் பற்றிய தேர்வு விதிகள் அப்போது எளிய வடிவில் பொருந்தும். கிழக்கு–மேற்காக வைத்தவர்கள் காந்தச் சுருள்களால் அந்தப் புலத்தை ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

5. சாதாரணக் கற்றையில் நிறமாலையைப் பெறுதல்

முறுக்கு இல்லாத கற்றையைக் கலத்துள் செலுத்தி, லேசரின் அதிர்வெண்ணை மெல்ல ஏற்றி இறக்கினால் நான்கு பள்ளங்கள் தெரிய வேண்டும். அதிர்வெண் ஏறும் வரிசையில் அவை ருபீடியத்தின் ஐசோடோப்புகள் 87, 85, 85, 87 என்று அமையும். இயற்கை ருபீடியத்தில் 72 விழுக்காடு 85 ஆதலால் நடுவிலுள்ள இரண்டும் ஆழமானவை. அவற்றுள்ளும் முதலாவது ஆழம் மிகுந்தது. ஒவ்வொரு பள்ளமும் அரை கிகாஹெர்ட்ஸ் அளவு அகலமாக இருப்பது அணுக்களின் வேகத்தால்.

நான்கும் தெரியாமல் இடையில் திடீரென்று துள்ளினால் லேசர் ஓர் அதிர்வு முறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. மின்னோட்டத்தையும் வெப்பத்தையும் சிறிது சிறிதாக மாற்றித் தாவாத பகுதியைக் கண்டுபிடியுங்கள். இதைச் சரி செய்யாமல் அடுத்த படிக்குப் போனால், முறுக்கொளியில் துள்ளல் வந்தபோது அது எதனால் என்று சொல்ல முடியாது.

6. கவைக் கீற்றணி தயாரித்தல்

நேர்க்கோடுகள் நிறைந்த கீற்றணியின் நடுவில் ஒரு கோடு மரக்கிளையின் கவட்டையைப் போல இரண்டாகப் பிரிந்தால், அதில் பட்டு விலகும் ஒளி முறுக்கோடு வெளிவரும். ஒரு கூடுதல் கோடு இருந்தால் புரி எண் 1, இரண்டு இருந்தால் 2. கணினியில் இதை வரையும் முறை எளிது: ஒவ்வொரு புள்ளியிலும் சாய்ந்த அலையின் கட்டத்தோடு, மையத்தைச் சுற்றிய கோணத்தைப் புரி எண்ணால் பெருக்கிக் கூட்டி, அதன் கொசைன் நேராக இருந்தால் வெள்ளை, எதிராக இருந்தால் கறுப்பு.

கோடுகளின் இடைவெளியை 0.1 மில்லிமீட்டராக வைத்து, ஸ்கிரீன் பிரிண்டிங் வேலைக்கு பாசிட்டிவ் பிலிம் எடுத்துத் தரும் கடையில் கொடுத்துப் பிலிமாக எடுத்துக்கொள்ளலாம். அலுவலக லேசர் பிரிண்டரில் ஒளிபுகும் தாளில் அச்சடித்தால் மைத் துகள்கள் ஒளியைச் சிதறடித்து வளையத்தைக் கலைத்துவிடும். அதில் நேரம் செலவிட வேண்டாம். இந்த இடைவெளியில் ஒன்றரை மீட்டர் தள்ளி முதல் வரிசைக் கற்றை (விலகிய கற்றைகளில் நடுவை அடுத்தது) நடுக்கற்றையிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் விலகியிருக்கும். ஒரு துளைத் தகட்டால் அதைத் தனியே பிரிக்கலாம். விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் முதல் வரிசைக்குப் போகும். அது நமக்குப் போதும், ஏன் என்று படி 8இல் தெரியும்.

இந்தப் பிலிமின் பெரிய பயன் வேறு. நடுக்கற்றையின் ஒரு பக்க முதல் வரிசையில் புரி எண் நேர் 1, மறுபக்கத்தில் எதிர் 1, நடுவில் சுழி. எதையும் தொடாமல் மூன்று கற்றைகளும் ஒரே லேசரிலிருந்து கிடைக்கின்றன. நடுக்கற்றையை ஒப்பீட்டுக்காக விட்டு வையுங்கள்.

லேசர் கவட்டையின் மீது சரியாக விழாவிட்டால் வளையம் பிறை நிலாவாகும். பிலிமை நுண்ணளவில் நகர்த்தி வளையம் எல்லாப் பக்கமும் ஒரே பிரகாசமாகும்வரை சரி செய்ய வேண்டும். முதலில் சிவப்பு லேசரில் பழகிவிட்டு 780க்கு மாறுவது கண்ணுக்கும் நல்லது, கைக்கும் நல்லது.

7. புரி எண்ணைச் சரிபார்த்தல்

வளையம் தெரிவது முறுக்குக்குச் சான்று ஆகாது. நடுவில் தூசி ஒட்டிய வில்லையும் வளையம் தரும். அரை மீட்டர் வில்லையைக் கற்றைக்குச் செங்குத்தாக வைக்காமல் 15 டிகிரி அளவு சாய்த்து, குவியத்துக்கு அருகே வெப்கேமராவை முன்பின் நகர்த்துங்கள். ஓரிடத்தில் வளையம் உடைந்து, சாய்ந்த ஒளிப் பட்டைகளாகத் தெரியும். பட்டைகளுக்கு இடையே உள்ள கறுப்புக் கோடுகளின் எண்ணிக்கையே புரி எண். பட்டைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது குறி. மறுபக்க முதல் வரிசைக் கற்றையைச் செலுத்தினால் சாய்வு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கேமராவில் விழுவது நீங்கள் நினைக்கும் கற்றையன்று.

ஒவ்வொரு கண்ணாடிப் பிரதிபலிப்பும் புரியின் குறியை மாற்றும். வட்டத் தளவிளைவின் குறியையும் சேர்த்தே மாற்றும். வலம்புரிச் சங்கைக் கண்ணாடியில் பார்த்தால் இடம்புரியாகத் தெரிவதும் இதுவும் ஒன்றே. கீற்றணிக்குப் பின்னால் கலம்வரை எத்தனை கண்ணாடிகள் என்று எண்ணி, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று எழுதி வையுங்கள். ஒளிப் பிரிப்பானில் ஊடுருவிச் சென்ற கற்றை குறி மாறாது, பிரதிபலித்த கற்றை மாறும். வெப்கேமரா மென்பொருளில் படத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு கண்ணாடிதான். ஒரு குழு மூன்று நாள் தேடிய குறிப் பிழை கடைசியில் அந்த மென்பொருளில் இருந்தது.

8. திறனைக் குறைத்துக் கலத்துள் செலுத்துதல்

ருபீடியத் தாவல் மிக எளிதில் நிறைவுறும், அதாவது ஒளி மிகுந்தால் அணுக்களால் அதே விகிதத்தில் அதை விழுங்க முடியாது. 87இன் வலிமையான தாவலுக்கு நிறைவுச் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 1.67 மில்லிவாட்தான். அரையகலம் 1 மில்லிமீட்டர் உள்ள சாதாரணக் கற்றையில் 100 மைக்ரோவாட் இருந்தால் மையத்தில் 6.4 மில்லிவாட் வரும். அதே அரையகலமும் திறனும் உள்ள, புரி எண் 1 கொண்ட வளையத்தின் உச்சியில் 2.3 மில்லிவாட். இரண்டுமே நிறைவுக்கு மேல். சாம்பல் வடிகட்டிகளால் 10 மைக்ரோவாட்டுக்கும் கீழே இறக்குங்கள்.

பிறகு கலத்தின் பின்பக்கத்திலிருந்து வரும் கற்றையைக் கேமராவில் பாருங்கள். லேசரைத் தாவலுக்கு இசைத்தால் வளையம் மங்கும்; இருண்ட மையம் இருளாகவே நிற்கும். வளையத்தில் கிளர்ந்த அணு பறந்து வந்து மையத்தில் ஒளிரக் கூடாதா என்று மாணவர்கள் கேட்பது வழக்கம். நல்ல கேள்விதான். கிளர்வு நிலையின் ஆயுள் 26 நானோ நொடி. அதற்குள் அணு 6 மைக்ரோமீட்டர்தான் நகரும். வளையத்தின் ஆரமோ 700 மைக்ரோமீட்டர்.

9. ஒப்பிடும்போது வரும் பொய்த் தோற்றங்கள்

முறுக்கொளி அதிகமாக உட்கவரப்படுகிறது என்று மாணவர்கள் எழுதி வந்த அறிக்கைகளில் நான் கண்ட காரணங்கள் இரண்டு.

முதலாவது நிறைவு. ஒரே திறனில் வளையத்தின் செறிவு சாதாரணக் கற்றையின் உச்சியைவிடக் குறைவு என்று மேலே பார்த்தோம். செறிவு குறைந்தால் நிறைவு குறையும், உட்கவர் விகிதம் கூடும். இதில் கோண உந்தத்துக்குப் பங்கில்லை. இதைப் பிரித்தறிய, இரு கற்றைகளுக்கும் ஐந்தாறு வெவ்வேறு திறன்களில் உட்கவரை அளந்து, திறனுக்கு எதிராக வரைபடம் போட்டு, கோடுகளைச் சுழித் திறன்வரை நீட்டுங்கள். அளவீட்டுப் பிழைக்குள் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும். படி 2இன் இருமுனைக் கணக்கு சொன்னதும் இதுவே. இந்தச் சோதனையின் முதன்மை முடிவாக இதையே அறிக்கையில் எழுதலாம். விளைவு எதுவும் இல்லை என்பதைச் சரியான பிழை எல்லையோடு காட்டுவதைத் தோல்வி என்று நினைத்து முகம் வாடுபவர்கள், படி 3இன் எண்களை மறுபடி பார்க்கட்டும்.

இரண்டாவது வெயில். ருபீடியத்தின் ஆவியழுத்தம் 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. காலையில் குளிர்சாதன அறையில் சாதாரணக் கற்றையையும், மின்சாரம் போய்வந்த பிற்பகலில் முறுக்கொளியையும் அளந்துவிட்டு ஒப்பிட்டால் கிடைப்பது ராமநாதபுரத்துப் பகலின் வெப்பம். கலத்தின் வெப்பநிலையை ஒவ்வோர் அளவீட்டோடும் எழுதுங்கள். இரண்டு கற்றைகளையும் பத்து நிமிட இடைவெளியில் மாற்றி மாற்றி அளப்பது அதைவிட நல்லது.

நேர்ப் புரிக் கற்றையும் எதிர்ப் புரிக் கற்றையும் வெவ்வேறு உட்கவர் காட்டினால், கால் அலைத் தகட்டுக்குப் பின்னால் சாய்ந்த கண்ணாடி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே வட்டத் தளவிளைவு கெட்டு நீள்வட்டமாகியிருக்கும்.

10. சுழல் டாப்ளர் விளைவைத் தேடுதல்

55 கிலோஹெர்ட்ஸைக் காண வேண்டுமானால் 6 மெகாஹெர்ட்ஸ் அகலக் கோட்டை விட்டுவிட்டு, அடிநிலையின் (அணுவின் மிகக் குறைந்த ஆற்றல் நிலையின்) காந்த உள்நிலைகளுக்கு இடையே உருவாகும் குறுகிய ஒத்திசைவைப் பயன்படுத்த வேண்டும். ருபீடிய ஆவியில் இவ்வழியில் சுழல் டாப்ளர் விளைவைக் கண்ட ஆய்வு 2006இல் வெளியானது. ஒரே லேசரிலிருந்து பிரித்த, ஒரே திசையில் செல்லும், எதிரெதிர் வட்டத் தளவிளைவும் எதிரெதிர்ப் புரியும் உள்ள இரண்டு கற்றைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலத்துள் விட்டால், திசைவழி டாப்ளர் பெயர்ச்சி இரண்டுக்கும் ஒன்றாகையால் கழிந்துவிடுகிறது. புரிகளின் வேறுபாட்டால் வரும் பெயர்ச்சி மட்டும் எஞ்சி ஒத்திசைவை அகலப்படுத்துகிறது. இரண்டு கற்றைகளுக்கும் ஒரே குறியுள்ள புரியை வைத்தால் அந்த அகலம் வர கூடாது, ஒப்பீடு அதுவே.

இந்த நிலையில் புவிக்காந்தப் புலம் கவனிக்கப்பட வேண்டும். இங்கே அது ஏறத்தாழ 0.4 காஸ் (காந்தப் புலத்தின் அலகு), ருபீடியம் 87இன் அடிநிலையில் அடுத்தடுத்த உள்நிலைகளை அது 280 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குப் பிரித்துவிடும். நாம் தேடுவதைவிட ஐந்து மடங்கு பெரிது. கற்றையின் அச்சோடு சுருள் ஒன்றைச் சுற்றி, அதன் மின்னோட்டத்தை மெல்ல மாற்றிப் புலத்தைச் சுழியின் இருபுறமும் ஏற்றி இறக்கினால் ஒத்திசைவு நடுவில் எழும். மேசையின் கீழுள்ள இரும்புக் கால்களும், அருகில் ஓடும் மின்விசிறியும் புலத்தைக் குலைக்கும். விசிறியை நிறுத்தி, அலுமினியம் அல்லது மரத் தாங்கிகளைப் பயன்படுத்துங்கள்.

11. நிறுத்தும் வரிசை

முதலில் லேசரின் மின்னோட்டத்தைச் சுழிக்கு இறக்கி, பிறகு டயோடின் குளிர்விப்பை அணைத்து, கடைசியில் அறையின் குளிர்சாதனத்தை நிறுத்த வேண்டும். இந்த வரிசை மாறினால், குளிர்ந்த டயோடின் மீது கடற்காற்றின் ஈரம் படியும். கலத்துக்கு வெப்பமூட்டியிருந்தால் கலத்தின் நடுப்பகுதி வெப்பத்தை முதலிலும், ஜன்னல்களின் வெப்பத்தைக் கால் மணி நேரம் கழித்தும் அணையுங்கள். ருபீடியம் குளிர்ந்த இடத்தில் போய்ப் படியும் தன்மையுடையதால், ஜன்னல் முதலில் குளிர்ந்தால் மறுநாள் கற்றை செல்லும் வழியிலேயே வெள்ளிப் படலம் தெரியும். அப்படிப் படிந்துவிட்டால் ஜன்னல் பக்கத்தை மட்டும் மெல்லச் சூடாக்கி ஓரிரவு விட்டுவைத்தால் போதும். கலத்தைத் தட்டவோ குலுக்கவோ கூடாது.